முகம் பார்த்துப் பேசுவோம்

(வானொலி மறையுரை. இறைவார்த்தை: உரோமையர் 1:9-12, 15:22-32, திருத்தூதர் பணிகள் 28:11-16)



புத்தாண்டு பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. டிசம்பர் 31 நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்தவர்களில் பலர் மனத்துக்குள் ஒரு பட்டியலோடு வந்திருப்பீர்கள். சிலர் டைரியில் எழுதியும் வைத்திருப்பீர்கள். இந்த ஆண்டு கடனை அடைக்க வேண்டும். மகளுக்கு வரன் பார்க்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும். வேளாங்கண்ணிக்கு நடந்து போக வேண்டும். எல்லாமே நல்ல எண்ணங்கள். இலக்கு இல்லாத வாழ்வு துடுப்பு இல்லாத படகு என்று நம் கடற்கரை மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன? எத்தனை தொகைகள் இருக்கின்றன? மனிதர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

எங்கள் பங்கின் இளையோர் கூட்டம் ஒன்றில், வாழ்நாளில் செய்ய விரும்பும் ஐந்து காரியங்களை எழுதித் தரும்படி கேட்டிருந்தோம். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மனம் திறந்து எழுதினார்கள். வேலை, வீடு, வண்டி, வெளிநாடு எல்லாம் இருந்தன. ஆனால் மூன்று நான்கு தாள்களில் இன்னொன்றும் இருந்தது. ‘ஃபோனில் மட்டுமே பேசிப் பழகிய நண்பரை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.’ கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். இதெல்லாம் ஒரு வாழ்நாள் இலட்சியமா என்று ஒருவர் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே இலட்சியத்தை மனத்தில் சுமந்த ஒருவரைத் திருவிவிலியத்தில் எனக்குத் தெரியும். அவர் திருத்தூதர் பவுல்.

இன்று நாம் வாசிக்கக் கேட்ட உரோமையர் திருமுகம் கி.பி. 57-58 வாக்கில் கொரிந்து நகரிலிருந்து எழுதப்பட்டது. அப்போது பவுல் உரோமைக்குப் போனதே இல்லை. அங்குள்ள சிலரை வேறு ஊர்களில் சந்தித்திருந்தார். ஆனால் அந்தத் திருச்சபையின் முகத்தை அவர் பார்த்ததில்லை. பார்க்காத மக்களுக்குத்தான் அவ்வளவு நீண்ட மடலை எழுதினார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்த்தியு. கடைசியில் தெர்த்தியுவும் தன் சார்பில் ஒரு வணக்கத்தைச் சேர்த்துக்கொள்கிறார். அதை உரோமைக்குக் கொண்டுபோனவர் கெங்கிரேயா சபையின் பெபேயாள் என்ற சகோதரி என்று மரபு சொல்கிறது. கடைசி அதிகாரத்தில் 25-க்கும் மேற்பட்ட பெயர்கள் வருகின்றன. எல்லாருக்கும் வணக்கம், எல்லாருக்கும் விசாரிப்பு. இன்றைய மொழியில் சொன்னால், நேரில் பார்க்காத ஒரு குழுவுக்கு அவர் அனுப்பிய நீண்ட செய்தி அது.

அந்த மடலில் பவுலின் பட்டியலும் இருக்கிறது. முதலில் எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த உதவியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிறகு உரோமைக்கு வந்து உங்களைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போக வேண்டும். பல ஆண்டுகளாக உங்களைக் காண ஏங்குகிறேன், ஒவ்வொரு முறையும் தடை வந்துவிட்டது என்றும் எழுதுகிறார்.

ஓர் இடத்தில் அவர் தன்னைத் தானே திருத்திக்கொள்வதைக் கவனியுங்கள். உங்களுக்கு ஆவிக்குரிய கொடை ஒன்றைத் தந்து உங்களை உறுதிப்படுத்த வருகிறேன் என்று முதலில் சொல்கிறார். உடனே, இல்லை, உங்கள் நம்பிக்கையால் நானும் என் நம்பிக்கையால் நீங்களும் ஊக்கம் பெறவே வருகிறேன் என்று மாற்றிக்கொள்கிறார். எவ்வளவு பெரிய திருத்தூதர்! கொடுக்க மட்டும் அல்ல, பெறவும் வருகிறேன் என்கிறார். நண்பனைப் பார்க்கப் போகிறவனுக்கு இருக்க வேண்டிய மனநிலை இதுதான்.

சரி, பவுலின் இலக்கு நிறைவேறியதா? நிறைவேறியது. ஆனால் அவர் எழுதியபடி அல்ல. எருசலேமில் கைது செய்யப்பட்டார். செசரியாவில் இரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தார். பிறகு கைதியாகக் கப்பல் ஏறினார். கப்பலில் 276 பேர் இருந்தார்கள் என்று லூக்கா கணக்குச் சொல்கிறார். மால்தா தீவருகே கப்பல் உடைந்தது. எல்லாரும் உயிர் தப்பினார்கள். மூன்று மாதம் அந்தத் தீவில் தங்கல். இப்படி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தாமதமாக, கையில் விலங்கோடு, இத்தாலி மண்ணில் கால் வைத்தார்.

அப்போதுதான் அந்தச் சம்பவம் நடக்கிறது. திருத்தூதர் பணிகள் நூலில் ஒரே ஒரு வசனம். வேகமாக வாசித்தால் தவறிப்போகும். பவுல் வருகிறார் என்று கேள்விப்பட்ட உரோமைச் சகோதரர்கள் அவரை எதிர்கொண்டு வருகிறார்கள். சிலர் மூன்று விடுதி வரை வந்தார்கள். அது உரோமையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சிலர் அப்பியு சந்தை வரை வந்துவிட்டார்கள். அது சுமார் 65 கிலோமீட்டர். பேருந்தும் இரயிலும் இல்லாத காலத்தில், மடலில் மட்டுமே அறிந்த ஒரு கைதியை வரவேற்க அவ்வளவு தூரம் வந்தார்கள்.

அவர்களைக் கண்டதும் பவுல் என்ன செய்தார்? கடவுளுக்கு நன்றி கூறினார், துணிவு பெற்றார் என்கிறார் லூக்கா. புயலுக்கு அஞ்சாதவர், நீதிமன்றத்துக்கு அஞ்சாதவர், அந்தச் சாலையில் நண்பர்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் துணிவு பெற்றார். அப்படியானால் அதுவரை அவர் உள்ளத்தில் ஏதோ ஒரு சோர்வு இருந்திருக்கிறது. அந்தச் சோர்வை எழுத்து போக்கவில்லை, முகம் போக்கியது.

அன்பார்ந்தவர்களே, எழுத்தால் முடியாத ஒன்று முகத்தால் முடியும் என்பதை யோவான் எழுதிய இரண்டாம், மூன்றாம் திருமுகங்களும் சொல்கின்றன. இரண்டும் மிகச் சிறியவை. இரண்டும் ஏறக்குறைய ஒரே விதமாக முடிகின்றன. எழுத வேண்டியவை நிறைய இருக்கின்றன, ஆனால் மையால் எழுத விருப்பமில்லை, நேரில் வந்து பேசுவேன் என்கிறார் ஆசிரியர். அப்படிப் பேசும்போது நம் மகிழ்ச்சி நிறைவடையும் என்றும் ஒரு மடலில் சேர்த்துச் சொல்கிறார். மடலை அவர் இகழவில்லை. மடலும் மகிழ்ச்சிதான். ஆனால் நிறைவு முகத்தில்தான்.

நம் விசுவாசத்தின் அடித்தளமும் இதுவே. கடவுள் இறைவாக்கினர் வழியாக நெடுங்காலம் பேசினார். செய்தி வந்துகொண்டே இருந்தது. ஆனால் அவர் செய்தியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வாக்கு மனிதர் ஆனார். மாட்டுத் தொழுவத்தில் அழுத ஒரு குழந்தையின் முகமாக வந்தார். கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடி மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை. அதன் பொருளை இதைவிட எளிமையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் திரையில் மட்டும் இருக்கும் நட்பு பொய்யா? சில பெற்றோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்காக ஓர் உண்மை வரலாற்றைச் சொல்கிறேன்.

நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டேன் என்ற இளைஞர் இருந்தார். 1989-இல் பிறந்தவர். டுஷேன் தசைச் சிதைவு என்ற நோய் அவருக்கு. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். சிறு வயதிலேயே சக்கர நாற்காலி. கடைசி ஆண்டுகளில் விரல்களை மட்டுமே அசைக்க முடிந்தது. பெரும்பாலான நேரத்தை ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற கணினி விளையாட்டில் கழித்தார். அங்கே அவர் பெயர் இபெலின். அங்கே அவரால் ஓட முடிந்தது. 2014 நவம்பரில், 25-ஆம் வயதில் இறந்துபோனார்.

பெற்றோரின் துயரம் மரணம் மட்டும் அல்ல. நம் மகன் நட்பை அறியாமல், பிறருக்குப் பயன்படாமல், தனிமையிலேயே போய்விட்டானே என்று அவர்கள் கலங்கினார்கள். மாட்ஸ் எழுதிவந்த வலைப்பூவில், மகன் இறந்துவிட்டான் என்று தந்தை ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அதன் பிறகு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. முன்பின் தெரியாதவர்களின் மடல்கள். என் கவலையை இரவெல்லாம் கேட்டவர் உங்கள் மகன் என்றார்கள். என் குடும்பத்தோடு மீண்டும் பேச வழி காட்டியவர் உங்கள் மகன் என்றார்கள். அந்த விளையாட்டில் அவர் சேர்ந்திருந்த குழுவின் நண்பர்கள் சிலர், வெவ்வேறு நாடுகளிலிருந்து விமானம் ஏறி அவருடைய அடக்கத்துக்கு வந்தார்கள். 2024-இல் இவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது.

இந்த வரலாறு நமக்கு இரண்டு காரியங்களைச் சொல்கிறது. திரைக்கு அப்பால் இருக்கிறவரும் மனிதரே. அவர் கண்ணீரும் கண்ணீரே. அதனால் ‘எந்நேரமும் ஃபோனு’ என்று ஒரே வார்த்தையில் பிள்ளைகளை ஒதுக்காதீர்கள். யாரோடு பேசுகிறாய், அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். இரண்டாவது, அந்த நண்பர்கள் தங்கள் இபெலினைத் தேடி வந்து நின்றது ஒரு சவப்பெட்டியின் அருகில். அதற்காக யாரையும் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. மாட்ஸ் தன் நோயை நெடுங்காலம் அவர்களிடம் சொல்லவில்லை. ஆனால் உயிரோடிருக்கும் நண்பரைப் பார்க்க நமக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த நாளை வீணாக்க வேண்டாம்.

சொல்லாமல் மறைப்பது என்றேன். சந்திப்புக்கு உண்மையான தடை அங்கேதான் இருக்கிறது. தூரமும் பணமும் பெரிய தடைகள் அல்ல. நான் எழுத்தில் காட்டிய நான் வேறு, நேரில் இருக்கிற நான் வேறு என்ற அச்சம்தான் பெரிய தடை. பவுலுக்கும் இந்தப் பழி வந்தது. மடல்கள் கடுமையாகவும் வலிமையாகவும் இருக்கின்றன, ஆளை நேரில் பார்த்தால் ஒன்றுமில்லை, பேச்சும் எடுபடவில்லை என்று கொரிந்தில் சிலர் கேலி பேசினார்கள். பவுல் அதை மறைக்கவில்லை. தன் மடலிலேயே எழுதிவைத்தார். தன் வலுவின்மையோடு நேரில் போய் நின்றார்.

எங்கள் பங்கில் ஓர் அம்மா. கணவர் இல்லை. ஒரே மகன், வயது 24. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர். ஒருநாள் திருப்பலி முடிந்து மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். ‘சாமி, திருப்பூருக்குப் போறேங்கிறான். மூணு வருசமா ஃபோன்ல பழக்கமாம். ஆளைப் பார்த்ததே இல்லையாம். நீங்கதான் புத்தி சொல்லணும்’ என்றார். தேர்வுக்குப் படிக்கிறவர்களின் டெலிகிராம் குழு ஒன்றில் ஏற்பட்ட நட்பு. காலை ஐந்து மணிக்கு ஒருவரை ஒருவர் எழுப்பிவிட்டுப் படிக்கிற நட்பு.

நான் தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். ‘உன்னைப் பற்றி அவருக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?’ தலை குனிந்துகொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். ‘அப்பா துபாய்ல இருக்காருன்னு சொல்லியிருக்கேன் ஃபாதர்.’ அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். ‘முதலில் உண்மையை எழுது தம்பி. அதற்குப் பிறகும் அவர் வரச் சொன்னால் போய் வா’ என்றேன்.

அன்று இரவே எழுதிவிட்டார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் நீண்ட பதில் வந்தது. நானும் உன்னிடம் பொய்தான் சொன்னேன், அறை எடுத்து முழு நேரமும் படிக்கிறேன் என்றது உண்மை இல்லை, பனியன் கம்பெனியில் தைக்கிறேன், ஷிஃப்ட் முடிந்து மிஞ்சுகிற நேரத்தில்தான் படிக்கிறேன் என்று அவர் எழுதியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், பேருந்து நிலையத்தின் எதிரே ஒரு டீக்கடையில் இருவரும் சந்தித்தார்கள். முதல் அரை மணி நேரம் பேச்சே வரவில்லையாம்.

அவர்கள் இருவரும் சம்மதித்ததால்தான் இதைச் சொல்கிறேன். இன்றுவரை இருவருமே தேர்வில் தேறவில்லை. ஆனால் எங்கள் தம்பி இப்போது பாடங்களை வாய்விட்டுப் படித்து, குரல் பதிவாக அனுப்புகிறார். அங்கே தையல் இயந்திரத்தில் இருந்தபடி அவர் கேட்கிறார். வாய்விட்டுப் படிப்பதால் தனக்கும் மனத்தில் நிற்கிறது என்கிறார் இவர். முன்பு ‘நான் தேற வேண்டும்’ என்பது இலக்கு. இப்போது ‘நாங்கள் தேற வேண்டும்’ என்பது இலக்கு. ஒரு சந்திப்பு செய்த வேலை அது. எனக்கு இதில்தான் அப்பியு சந்தை தெரிகிறது.

நேயர்களே, இதைக் கேட்டுவிட்டு ஃபாதரே சொல்லிவிட்டார் என்று யாரும் நாளைக்கே பேருந்து ஏற வேண்டாம். பாம்பைப் போல் முன்மதியும் புறாவைப் போல் கபடமின்மையும் வேண்டும் என்று ஆண்டவர் கேட்கிறார். இரண்டும் சேர்ந்து வேண்டும். திரைக்குப் பின்னால் நண்பர்களும் இருக்கிறார்கள், வேட்டைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. ‘வீட்டில் சொல்லாதே’ என்று ஒருவர் சொன்னால் அவர் நண்பர் அல்ல. தீங்கு செய்வோர் ஒளியிடம் வருவதில்லை என்பது ஆண்டவர் நிக்கதேமிடம் சொன்னது.

ஆகவே 18 வயது நிறையாதவர்கள் பெற்றோர் உடன் வராமல் யாரையும் சந்திக்கக் கூடாது. பெரியவர்களும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளும், முதல் சந்திப்பைப் பகலில், ஆட்கள் நடமாடும் பொது இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் துணைக்கு ஒருவரோடு போங்கள். அதற்கு முன் வீடியோவில் பேசி முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்காதவர் அவசரம் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். பணமோசடி என்றால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. பெற்றோரே, பிள்ளை வந்து உண்மையைச் சொல்லும் நாளில் அடிக்கக் கை ஓங்காதீர்கள். அன்று நீங்கள் திட்டினால், அடுத்த முறை அது உங்களிடம் சொல்லாது.

இன்னும் ஒரு வார்த்தை. நேரில் சந்திக்க எல்லாருக்கும் உடல் இடம் தராது. படுக்கையில் இருந்தபடி இந்த வானொலியைக் கேட்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் நட்பு குறைந்த நட்பு அல்ல. உங்களால் போக முடியாது என்றால், வரக்கூடியவர் வரட்டும். அவருக்கு உங்கள் உண்மை நிலையைத் தெரியப்படுத்துங்கள். அதுவே அழைப்பு. அதேபோல, தூரத்து நண்பரைப் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள் பக்கத்து அறையையும் எட்டிப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் குறுஞ்செய்தியில் மட்டும் பேசிக்கொள்கிற அண்ணன் தம்பிகளை நான் அறிவேன். அவர்களுக்கு அப்பியு சந்தை பத்தடி தூரத்தில் இருக்கிறது.

பவுலின் பட்டியலில் ஸ்பெயின் மிச்சம் இருந்தது. அங்கே அவர் போய்ச் சேர்ந்தாரா என்று திருவிவிலியம் சொல்லவில்லை. உரோமையில் வாடகை வீட்டில் இரண்டு ஆண்டுகள் தங்கி, தம்மிடம் வந்த எல்லாரையும் வரவேற்றார் என்றுதான் திருத்தூதர் பணிகள் நூல் முடிகிறது. ஊர் ஊராகப் போனவர் ஒரு வீட்டில் அடைபட்டார். ஆனால் கதவு திறந்திருந்தது. பட்டியலில் எல்லாம் நிறைவேறிய வாழ்வுதான் நிறைவான வாழ்வு என்று நினைக்க வேண்டாம். கதவு திறந்திருந்த வாழ்வும் நிறைவான வாழ்வே.

எனவே இந்த வாரம் ஒரு சிறு கடமை. உங்கள் பட்டியலை எடுங்கள். அதில் ஒரே ஒரு மனிதரின் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். எழுத்தாலும் குரலாலும் மட்டும் அறிந்தவராக இருக்கலாம், பல ஆண்டுகளாகப் பார்க்காமல் விட்டவராக இருக்கலாம். இந்த ஆண்டுக்குள் இவர் முகத்தைப் பார்ப்பேன் என்று எழுதுங்கள். அவரிடம் நீங்கள் மறைத்துவைத்த ஒன்று இருந்தால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

மன்றாடுவோம். எங்களைத் தேடி வந்த இறைவா, உம் மகனின் முகத்தில் உம்மைக் காணச் செய்தீர். தொலைவில் இருந்து எங்களைத் தாங்கும் நண்பர்களுக்காக உமக்கு நன்றி. பொய் முகங்களைக் களைந்து, எங்கள் வலுவின்மையோடு பிறர் முன் நிற்கத் துணிவு தாரும். வழியில் செல்லும் எங்கள் பிள்ளைகளைத் தீமை அணுகாமல் காத்தருளும். யாரும் தேடி வராமல் காத்திருப்போரின் வாசலுக்கு எங்கள் கால்களைத் திருப்பும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம்.